சுடுவதில் என்ன சுகம்? இணையத் துப்பாக்கி விளையாட்டுகள் பற்றி மும்பையிலிருந்து ஓர் ஆய்வு

சான்பாடா நிலையத்தில் தாணே வண்டி ஏறினால் துர்பே, கோபர்கைரணே தாண்டிக் கன்சோலி வரும். ரிலையன்ஸின் பெருவளாகம் அந்தப் பக்கம்தான். ஜியோ வளர்ந்த இடம். 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ சேவை தொடங்கியது. அதற்கு முன்பு ஒரு ஜிபி டேட்டாவுக்கு இருநூறு ரூபாய்க்கு மேல் கொடுத்துப் பழகியிருந்தோம். சில ஆண்டுகளில் அது இருபது ரூபாய்க்குக் கீழே இறங்கிவிட்டது. 2018 மார்ச்சில் பப்ஜி மொபைல் வந்தபோது அதற்கு வேண்டிய எல்லாம் இங்கே தயாராக இருந்தன: மலிவான டேட்டா, பத்தாயிரம் ரூபாய் போன், கல்லூரி விட்டதும் போய் நிற்க ஓர் இடமில்லாத பிள்ளைகள். அதன் பிறகு ஹார்பர் தடத்திலும் தாணே தடத்திலும் போனைக் குறுக்காகப் பிடித்த நாலு பேர் இல்லாத பெட்டியைப் பார்ப்பது அரிதாகிவிட்டது.

அவர்களைப் பார்க்கும் பெரியவர்களுக்கு எழும் கேள்வி ஒன்றுதான்: சுடுவதில் என்ன சுகம்? நியாயமான கேள்வி. ஆனால் அதற்குப் பொறுமையான பதில் கிடைப்பதில்லை. விளையாடாதவர்கள் ‘போதை’ என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். விளையாடுகிறவர்கள் ‘செம ஜாலி’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சைபர் கஃபே காலத்திலிருந்து இவற்றை ஆடியும் பார்த்தும் வருகிறவன் நான். என் முடிவை முதலிலேயே வைத்துவிடுகிறேன். இந்த இன்பத்தில் துப்பாக்கிக்கு உள்ள பங்கு சிறியது. தோற்றுப்போகும் அபாயத்தில் நான்கைந்து பேர் ஒருவரையொருவர் நம்பிப் பேசிக்கொள்கிறார்களே, பெரும்பங்கு அதற்குத்தான். எந்த விளையாட்டு நல்லது, எது பிள்ளைகளைக் கெடுக்கிறது என்பதையெல்லாம் இந்த அளவுகோலை வைத்தே பார்க்கலாம் என்று நம்புகிறேன்.

வரலாற்றை வேகமாகக் கடந்துவிடலாம். 1993 டிசம்பரில் அமெரிக்காவின் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் ‘டூம்’ வெளியிட்டது. கணினிகளை வலையால் இணைத்து ஒருவரை ஒருவர் வேட்டையாடும் ‘டெத்மேட்ச்’ அதன் வழியாகத்தான் பரவியது. 1996-இல் ‘குவேக்’ அந்த வேட்டையை இணையத்துக்குக் கொண்டுபோனது. இரண்டிலும் தனியாள் வேகமே எல்லாம். 1999-இல் வியட்நாமிய வம்சாவளிக் கனடியரான மின் லேயும் ஜெஸ் கிளிஃப் என்ற அமெரிக்க இளைஞரும் ‘ஹாஃப் லைஃப்’ விளையாட்டின்மேல் சொந்த ஆர்வத்தில் கட்டிய ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ வந்த பிறகுதான் அணி ஆட்டம் பரவலாக வேரூன்றியது. 2000 நவம்பரில் வால்வ் நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளுக்குள் அது மும்பையின் கஃபேக்களை நிறைத்துவிட்டது.

மாட்டுங்காவில் ரூயா, போதார், வி.ஜே.டி.ஐ. மாணவர்களை நம்பி நடந்த கஃபேக்களும், செம்பூர் நிலையத்தை ஒட்டிய கஃபேக்களும் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. மணிக்கு இருபது முப்பது ரூபாய். மின்னஞ்சல் பார்க்க வந்தவர்கள் ஒரு வரிசையில் இருப்பார்கள். எதிர் வரிசையில் பத்துப் பேர், ஐந்துக்கு ஐந்து. வீட்டில் தமிழ், தெருவில் மராத்தி, வகுப்பில் ஆங்கிலம் என்று வளர்ந்த பையன்கள் அங்கே எல்லாவற்றையும் கலந்து கத்துவார்கள். ‘வி3னம்’ என்ற பெயரில் அறியப்பட்ட அங்கித் பந்த் போன்ற மும்பை ஆட்டக்காரர்கள் உருவானது இந்தக் கஃபே உலகத்திலிருந்துதான்.

கவுன்டர் ஸ்ட்ரைக்கை வேறுபடுத்திய விதி ஒன்று உண்டு. சுடப்பட்டவர் அந்தச் சுற்று முடியும்வரை திரும்ப வர முடியாது. டூமிலும் குவேக்கிலும் செத்தவர் அடுத்த நொடியே எழுந்துவிடுவார். அதனால் சாவுக்கு எடையே இல்லை. இங்கே செத்தவர் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டும். நாலு பேரும் போய் ஒருவர் மட்டும் மிஞ்சி, எதிரே மூன்று பேர் இருக்கும்போது அறையே அந்த ஒருவரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிடும். இதற்குக் ‘கிளட்ச்’ என்று பெயர். அதை வென்றவரின் தோளில் விழுந்த கைகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அத்தனை ரூபாயும் செலவானது.

இன்னொரு விதி பணம் பற்றியது. ஆளுக்கு 800 டாலரோடு ஆட்டம் தொடங்கும். ஜெயித்தால் அதிகம் சேரும், தோற்றால் குறைவாகவே சேரும். எல்லோரும் ஒரே சுற்றில் சேமித்தால்தான் அடுத்த சுற்றில் ஐந்து நல்ல துப்பாக்கி வாங்க முடியும். ஒருவர் ஆசைப்பட்டுத் தனியாக வாங்கிவிட்டால் அணி முழுக்க அடுத்த இரண்டு சுற்றுக்குத் தடுமாறும். பணம் மிகுந்தவர் மற்றவருக்கு வாங்கித் தரையில் போட்டுக் கொடுப்பதும் உண்டு. கணக்கும் கட்டுப்பாடும் தாராளமும் ஒரே இடத்தில் பயிற்சி பெறுகிற விளையாட்டு இது என்று சொன்னால் மிகையாகாது. இத்தனை ஆண்டுகளில் படங்கள் மெருகேறியிருக்கின்றன. 2012-இல் ‘குளோபல் அஃபென்சிவ்’, 2023 செப்டம்பரில் ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 2’ என்று பெயர் மாறியிருக்கிறது. இந்த இரண்டு விதிகளின் அடிப்படையை மட்டும் யாரும் தொடவில்லை.

கைக்கும் கண்ணுக்கும் உள்ள இன்பத்தையும் ஒதுக்கிவிடக் கூடாது. சுட்டியை அசைத்ததும் திரை அசைய வேண்டும். அழுத்தியதும் வெடிக்க வேண்டும். இந்த உடனடிப் பதில்தான் விளையாட்டின் தரை. தரை நழுவினால் மேலே எதுவும் நிற்காது. இந்தியாவில் பல ஆண்டுகள் அது நழுவிக்கொண்டேதான் இருந்தது. ஒளி கண்ணாடி இழைக்குள் வினாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் ஓடும். மும்பையிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 3,900 கிலோமீட்டர். அதாவது சிங்கப்பூர் சர்வரில் ஆடுகிறவருக்கு, வேறு எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும், போய்வர மட்டுமே சுமார் 40 மில்லிசெகண்ட் பிடிக்கும். கடலடிக் கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை என்பதால் உண்மையான ‘பிங்’ அதைவிட மிக அதிகம். இதில் தமிழ்நாட்டுப் பையன்களுக்கு ஒரு வசதி இருந்தது. 2002-இல் சென்னையையும் சிங்கப்பூரையும் நேராக இணைத்த ‘ஐ2ஐ’ கேபிள் வந்துவிட்டதால் சிங்கப்பூர் சர்வர் அவர்களுக்குத்தான் பக்கம். பிறகு மும்பையிலேயே சர்வர்கள் வந்ததும் நிலைமை தலைகீழானது. இப்போது சான்பாடாவில் இருப்பவர் முந்திக்கொள்கிறார். திருநெல்வேலியில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகன் சில மில்லிசெகண்ட் பின்னால் நிற்கிறார்.

சுவருக்குப் பின்னால் போய் ஒளிந்த பிறகும் குண்டு பட்டுச் சாகிறோமே, அது ஏன் என்று பலரும் கேட்பதுண்டு. அதற்குக் காரணம் பெரும்பாலும் ஏமாற்று வேலை அல்ல. சுட்டவரின் திரையில் நீங்கள் இன்னும் வெளியே நின்றுகொண்டிருந்த அந்த நொடியைச் சர்வர் பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, ‘பட்டது’ என்று தீர்ப்புச் சொல்கிறது. தாமதத்தை இருவருக்கும் பங்குபோட இதைவிட நல்ல வழி இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. 2020 ஜூனில் ‘வேலரன்ட்’ வெளியிட்ட ரயட் நிறுவனம் இந்தத் தரையைத்தான் தன் பெருமையாக முன்வைத்தது. வினாடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைப் புதுப்பிக்கும் சர்வர்கள், பெரும்பாலானவர்களுக்கு 35 மில்லிசெகண்டுக்குள் பிங் என்பது இலக்கு. அந்த ஆண்டே மும்பைக்கும் சர்வர் வந்தது. கைநேர்த்திக்காக ஒரு விளையாட்டைச் சொல்லச் சொன்னால் நான் வேலரன்ட்டைத்தான் சொல்வேன். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பதாக அமைத்த ‘லோட்டஸ்’ என்ற களம்கூட அதில் உண்டு. ஆனால் அதற்குக் கணினி வேண்டும். நவி மும்பை அடுக்குமாடியில் தனி அறையும் வைஃபையும் உள்ள பிள்ளைக்கு அது கிடைக்கும். தாராவி 90 அடிச் சாலைக்குப் பின்னால், ஒரே அறையில் ஆறு பேர் தூங்கும் வீட்டில் கிடைக்காது.

அந்த இடைவெளியை நிரப்பியது போன். அயர்லாந்துக்காரரான பிரெண்டன் கிரீன் உருவாக்கிய பப்ஜி 2017-இல் கணினிக்கு வந்தது. நூறு பேர் விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். எட்டுக்கு எட்டு கிலோமீட்டர் தீவு. கையில் ஒன்றும் இல்லை. வீடு வீடாகத் தேடி ஆயுதம் எடுக்க வேண்டும். உயிரோடு இருக்கக்கூடிய வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். அடுத்த ஆண்டு டென்சென்ட் அதைப் போனுக்குக் கொண்டுவந்தது. சிங்கப்பூரின் கரீனா நிறுவனம் வெளியிட்ட ‘ஃப்ரீ ஃபயர்’ இன்னும் எளியது: ஐம்பது பேர், பத்து நிமிட ஆட்டம், குறைந்த நினைவகம் உள்ள மலிவான போனிலும் ஓடும். மும்பையில் யார் எதை ஆடுகிறார் என்று கேட்டால் அவர் வீட்டில் எத்தனை ரூபாய் போன் இருக்கிறது என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். ஃப்ரீ ஃபயரைத் தரக்குறைவாகப் பேசும் பழக்கம் பப்ஜி ஆடுகிறவர்களிடம் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவின் போனை வாங்கி, அவர் தூங்கி எழுவதற்குள் ஒரு ஆட்டம் முடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டிய பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் முழு ஆட்டமும் தருகிற விளையாட்டு அது.

பப்ஜியின் சுகம் எங்கே இருக்கிறது என்று கவனித்துப் பார்த்தால் வியப்பாக இருக்கும். அரை மணி நேர ஆட்டத்தில் சுடும் நேரம் சில நிமிடங்கள் தேறினால் அதிகம். மீதி நேரமெல்லாம் நடை, தேடல், ஜீப் ஓட்டம், புல்லில் படுத்துக் காத்திருப்பது. காதில் இயர்போன் இருந்தால் மாடிப்படியில் ஏறும் காலடி கேட்கும். இடது பக்கமா வலது பக்கமா என்பதும் தெரியும். அந்தக் காத்திருப்பில்தான் பேச்சு நடக்கிறது.

“ஏலே, அந்த மஞ்ச வீட்டுப் பின்னாடி ஒருத்தன் வாராம் பாரு.”

“மச்சி, எனக்கு மருந்து இல்ல. ரெண்டு பேண்டேஜ் போடு.”

“பாய், ஆகே மத் ஜா. இங்க வா, கவர் குடுக்குறேன்.”

தாராவியின் திருநெல்வேலித் தமிழும் மும்பை இந்தியும் இப்படி ஒரே மூச்சில் வரும். இதில் கட்டளை இருக்கிறது, கெஞ்சல் இருக்கிறது, பங்கீடு இருக்கிறது. மூன்றாம் நிலைப் பையை நண்பனுக்கு விட்டுக் கொடுப்பது, தன்னிடம் உள்ள ஸ்கோப்பை நன்றாகக் குறிபார்ப்பவருக்குத் தருவது, வட்டத்துக்கு வெளியே மாட்டிக்கொண்டவரை அழைத்துவர வண்டியைத் திருப்பிக்கொண்டு போவது. இவற்றில் எதற்கும் புள்ளி கிடையாது. ஆனாலும் எல்லோரும் செய்கிறார்கள். செய்யாதவரை அடுத்த முறை அணியில் சேர்ப்பதில்லை.

‘ரிவைவ்’ இவற்றில் உச்சம். அடிபட்டு விழுந்தவர் உடனே சாவதில்லை, தவழ்ந்துகொண்டிருப்பார். நண்பர் வந்து சில நொடி அசையாமல் உட்கார்ந்து எழுப்ப வேண்டும். அந்த நொடிகளில் எழுப்புகிறவர் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. நம் சடுகுடுவில் வெளியே போனவரை ஒரு புள்ளி எடுத்து உள்ளே கொண்டுவருவோமே, அதே உணர்ச்சிதான் இது. கடைசி ஆளாகக் களத்தில் நிற்பவர் தனக்காக மூச்சுப் பிடிப்பதில்லை. வெளியே உட்கார்ந்திருக்கும் ஆறு பேருக்காகப் பிடிக்கிறார். கபடியில் ஊறிய மகாராஷ்டிர மண்ணிலும் தமிழ் மண்ணிலும் இந்த விளையாட்டு இவ்வளவு விரைவில் வேர்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

உளவியலாளர்களும் கிட்டத்தட்ட இங்கேதான் வந்து சேர்கிறார்கள். ரிச்சர்ட் ரயன், ஸ்காட் ரிக்பி, ஆண்ட்ரூ பிஷிபில்ஸ்கி ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு, விளையாட்டுகள் ஏன் ஈர்க்கின்றன என்பதற்கு மூன்று தேவைகளைச் சொன்னது: தானே முடிவெடுப்பது, திறமை கூடுவதை உணர்வது, பிறரோடு பிணைந்திருப்பது. மூன்றும் நல்ல அணி ஆட்டத்தில் கிடைக்கின்றன. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணும் கோச்சிங் கிளாஸும் தவிர வேறு பேச்சு இல்லாத வீட்டில் வளரும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, பகல் முழுக்க இந்த மூன்றில் எது கிடைக்கிறது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனைப் பிடுங்குவதில் பயனில்லை.

2020 ஊரடங்கில் இதை நேரில் கண்டேன். தாராவியிலிருந்து குடும்பம் குடும்பமாகத் தமிழ்நாட்டுக்குப் போனார்கள். சான்பாடா, நெருல் பக்கம் இருந்தவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். என் அக்கா மகனின் கூட்டாளிகளில் ஒருவர் அம்பாசமுத்திரம் பக்கம், ஒருவர் செம்பூர், ஒருவர் அவன் கட்டடத்திலேயே கீழ்த்தளம். இரவு ஒன்பது மணிக்கு நால்வரும் ஒரே தீவில் குதிப்பார்கள். பாதி நேரம் ஆட்டத்தைப் பற்றிப் பேச்சே இருக்காது. ஊரில் மழை பெய்ததா, அப்பாவுக்கு வேலை இருக்கிறதா, சம்பளம் வந்ததா என்பதுதான் ஓடும். சும்மா போன் செய்து பேசச் சொன்னால் அந்த வயதுப் பையன்கள் இரண்டு நிமிடம்கூடப் பேசமாட்டார்கள். கைக்கு ஒரு வேலை இருந்தால் வாய் திறக்கிறது.

இருந்தாலும் துப்பாக்கி என்பது துப்பாக்கிதான். சான்பாடாவில் ஏறும் ஹார்பர் வண்டி போய் நிற்கும் சி.எஸ்.டி. (இன்றைய சி.எஸ்.எம்.டி.) நிலையத்தில் 2008 நவம்பர் 26 இரவு பயங்கரவாதிகள் சுட்டபோது என்ன நடந்தது என்று இந்த நகரத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. இலங்கையிலிருந்து வந்த நம் உறவுகளுக்கு வெடிச்சத்தம் இன்றும் வேறு பொருள் தருகிறது. அப்படியிருக்க, சுடுவதை விளையாட்டாகப் பழகும் பிள்ளை வன்முறைக்குப் பழகிவிடாதா? இந்தக் கவலையை நான் அற்பமாக நினைக்கவில்லை. அதனால்தான் ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். 2019-இல் ஆக்ஸ்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் பிஷிபில்ஸ்கியும் நெட்டா வைன்ஸ்டைனும் பிரிட்டனில் 14, 15 வயதுள்ள ஏறக்குறைய ஆயிரம் பேரையும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர்களையும் வைத்து ஆராய்ந்தார்கள். பிள்ளைகள் சொன்னதை மட்டும் நம்பாமல், பெரியவர்களின் மதிப்பீட்டையும் விளையாட்டுகளுக்கான அதிகாரபூர்வ வன்முறைத் தரத்தையும் கணக்கில் எடுத்தார்கள். வன்முறை விளையாட்டுக்கும் மூர்க்கத்துக்கும் தொடர்பு தென்படவில்லை. பிஷிபில்ஸ்கியே பங்கெடுத்த 2014 ஆய்வு இன்னும் கூர்மையானது: கட்டுப்பாடு கைக்கு வராத விளையாட்டு, காரணம் புரியாத தோல்வி, இவைதான் எரிச்சலைக் கிளப்புகின்றன, இரத்தம் இருப்பதும் இல்லாததும் பெரிய வேறுபாட்டைத் தரவில்லை. சுவரில் போனை எறியும் பையனைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அவர் கோபம் எதிரியின்மேல் இருப்பதில்லை, நெட்வொர்க்கின்மேல் இருக்கும்.

இந்திய அரசு எரிச்சலின் இந்தக் காரணங்களைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவில்லை. நிகழ்ச்சிகளின் வரிசையைப் பாருங்கள். 2019 ஜனவரியில் தேர்வு பற்றிய கலந்துரையாடலில் ஒரு தாய் மகனின் ஆன்லைன் விளையாட்டைப் பற்றிப் புலம்ப, பையன் பப்ஜிக்காரனா என்று பிரதமர் கேட்டது நாடெங்கும் பரவியது. அந்த மாதமே பதினொரு வயதுச் சிறுவன் ஒருவன் தன் தாய் மூலம் பப்ஜியைத் தடை செய்யக் கோரி மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போனான். மார்ச்சில் ராஜ்கோட்டில் போலீஸ் தடை போட்டு, விளையாடிய இளைஞர்களைக் கைதே செய்தது. 2020 செப்டம்பர் 2 அன்று பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகள் தடைசெய்யப்பட்டன. காரணம் விளையாட்டின் உள்ளடக்கமன்று, சீனாவுடன் எழுந்த எல்லைப் பிரச்சினையும் தரவுப் பாதுகாப்பும். 2021 ஜூலையில் கொரியாவின் கிராஃப்டன் அதையே ‘பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா’ என்ற பெயரில் கொண்டுவந்தது. 2022 ஜூலையில் அதுவும் அகற்றப்பட்டு, 2023 மே இறுதியில் மூன்று மாதச் சோதனை என்ற நிபந்தனையோடு திரும்பியது. 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸுக்கு மத்திய அரசின் ஏற்பு கிடைத்தது. 2024 ஏப்ரலில் அதே பிரதமர் நமன் மாத்தூர், பாயல் தாரே உள்ளிட்ட முன்னணி விளையாட்டாளர்களை அழைத்து உட்கார்ந்து பேசினார். 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் வைத்து ஆடுவதைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து ஊக்குவிக்கிறது. இந்தப் பிரிப்பு சரியானது. ஆறு ஆண்டுகள் தாமதமாக வந்தது.

ஃப்ரீ ஃபயரின் கதை இங்கேயே பக்கத்தில் நடந்தது. 2022 பிப்ரவரியில் தடைபட்ட அது, 2023-இல் ‘ஃப்ரீ ஃபயர் இந்தியா’ என்ற பெயரில் திரும்பப்போவதாக அறிவித்தது. தோனி முகமாக வந்தார். விளையாட்டுக்குள் அவருக்குத் ‘தல’ என்றே பெயர். சர்வர்களைக் கவனிக்க ஒப்பந்தம் பெற்றது யோட்டா நிறுவனம். அதன் பெரும் தரவு மையம் பன்வேலில் இருக்கிறது, சான்பாடாவிலிருந்து ஹார்பர் தடத்தின் மறுமுனை. அறிவித்த தேதியில் விளையாட்டு வரவில்லை, தள்ளிப்போனது.

தடைகளின் அலைச்சலில் உண்மையான கேடுகள் கவனிக்கப்படாமல் போயின. முதல் கேடு காசு. துப்பாக்கிக்கும் சட்டைக்கும் நிறம் மாற்றும் ‘ஸ்கின்’களை விற்பதில் எனக்கு எதிர்ப்பில்லை, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கினால் அது வியாபாரம். மூடிய பெட்டியை விற்று உள்ளே என்ன வருகிறதோ உன் அதிர்ஷ்டம் என்பது சூதாட்டம். பெல்ஜியம் 2018-இலேயே அப்படித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2021 ஆகஸ்டில் ஜோகேஸ்வரியில் ஒரு பதினாறு வயதுப் பையன் தாயின் கணக்கிலிருந்து சுமார் பத்து லட்சம் ரூபாயை விளையாட்டில் செலவழித்து, திட்டுக்குப் பயந்து வீட்டை விட்டே போய், பிறகு போலீஸ் தேடிக் கண்டுபிடித்த செய்தி வந்தது. அதே ஆண்டு வெளிவந்த பேட்டில்கிரவுண்ட்ஸில் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு வைத்த செலவு வரம்பு நாளொன்றுக்கு 7,000 ரூபாய். தாராவியில் ஒரு குடும்பம் அந்தத் தொகையில் எத்தனை நாள் சாப்பிடும் என்று யோசித்தால் இந்த வரம்பு யாருக்காக வைத்தது என்று புரியும்.

இரண்டாவது, திறமை என்ற பெயரில் விற்கப்படும் பொய். புதிதாகச் சேர்ந்தவரின் முதல் ஆட்டங்களில் எதிரே ஓடுவோரில் பலர் மனிதர்களே அல்லர். விளையாட்டு அனுப்பும் பாட்கள். நேராக நின்று சுடத் தெரியாமல் திணறி, உங்கள் கையால் விழுவதற்கென்றே வருகின்றன. முதல் நாளே வெற்றிக்கான ‘சிக்கன் டின்னர்’ கிடைத்த மகிழ்ச்சி அதனால்தான். சதுரங்கத்தில் எலோ எண் உங்கள் நிலையை நேர்மையாகச் சொல்லும். இங்கே நட்சத்திரமும் பதக்கமும் தரும் படிநிலைகள், சும்மா நேரம் செலவழித்தாலே கணிசமாக ஏறுகின்றன. ஏமாற்று மென்பொருளும் படிநிலை ஏறும் ஆசையில்தான் வளர்கிறது. 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசியக் கவுன்டர் ஸ்ட்ரைக் போட்டியில் ஆப்டிக் இந்தியா அணியின் ஆட்டக்காரர் ஒருவர், குறிபார்க்க உதவும் நிரலை ‘வேர்டு’ மென்பொருளின் பெயரில் ஒளித்து வைத்து மேடையிலேயே பிடிபட்டார். ஐந்து ஆண்டுத் தடை அவருக்கு. அணியே கலைந்தது. தவறே செய்யாத நாலு பேரின் உழைப்பும் அதோடு போனது.

நேரம் மூன்றாவது. உலக சுகாதார நிறுவனம் விளையாட்டுக் கோளாறை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது; 2022 முதல் அது நடைமுறையில் உள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014-லேயே இதற்கெனத் தனிப் பிரிவு தொடங்கிவிட்டது. சிறுவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம், பெரியவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று பேட்டில்கிரவுண்ட்ஸில் 2023-இல் வந்த வரம்பு ஒரு தொடக்கம். நான் கவனித்த வரையில், தூக்கம் கெட ஆடுகிறவர்கள் பெரும்பாலும் தனியாக ஆடுகிறார்கள்; படிநிலை ஏற அந்நியர்களோடு மைக் மூடி ஆடுகிறார்கள். தெரிந்த நாலு பேர் அணியில் ஒருவருக்குக் காலையில் வகுப்பு இருந்தால் ஆட்டம் பதினொன்றுக்கு நின்றுவிடுகிறது. இது என் வட்டத்துப் பார்வைதான். ஆனால் பெற்றோர் கேட்க வேண்டிய கேள்விகளை இது மாற்றுகிறது: எத்தனை மணி நேரம் என்பதோடு, யாரோடு என்பதும்.

எனக்குப் பிடித்தவற்றை வரிசைப்படுத்தச் சொன்னால், ஐந்துக்கு ஐந்து ஆடும் கவுன்டர் ஸ்ட்ரைக்தான் முதலில். கணினி இல்லாதவர்களுக்கு, தெரிந்த நால்வராகச் சேர்ந்து ஆடும் பேட்டில்கிரவுண்ட்ஸ். வேலரன்ட் கைக்குத் தரும் நிறைவை இரண்டாலும் தர முடியாது, ஆனால் அந்நியரோடு சேரும்போது அதன் அணிகள் மிக விரைவில் கசந்துபோகின்றன. பெங்களூரில் உருவாகி 2021 குடியரசு நாளில் வந்த ‘ஃபௌ-ஜி’யைத் தேசப்பற்றுக்காகப் பலர் இறக்கினார்கள், வந்த வடிவில் அதில் எதிரே மனிதர் இல்லை, அதனால் ஓரிரு நாளுக்குமேல் நிற்கவில்லை. புனேயின் சூப்பர்கேமிங் 2024-இல் வெளியிட்ட ‘இண்டஸ்’ உண்மையான முயற்சி. அது நிலைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மைக்கைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு, அதில் பேச முடியாதவர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். சான்பாடாவிலும் செம்பூரிலும் பெண் பிள்ளைகள் ஆடுகிறார்கள், நன்றாகவே ஆடுகிறார்கள். அந்நியர் அணியில் குரல் கொடுத்ததும் அடுத்த நொடி என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும்: எண் கேட்பது, கேலி, பிறகு கெட்ட வார்த்தை. அதனால் ஆண் பெயர் வைத்துக்கொண்டு, மைக்கை மூடி ஆடுகிறார்கள். 2021 ஜூனில் ‘பப்ஜி’ என்பதையே பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு அறியப்பட்ட யூடியூபர் ஒருவர், பெண்களை ஆபாசமாகப் பேசிய புகாரில் தர்மபுரியில் கைதானார். அந்தப் பேச்சை ரசித்துக் கேட்ட பெருங்கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்கள் யாரும் கைதாகவில்லை. இன்று ஏதோ ஓர் அணியில் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஏமாற்று மென்பொருளைப் பிடிக்கக் கணினியின் அடிவயிறு வரை இறங்கிச் சோதிக்கும் நிறுவனங்கள், தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் வரும் வசவைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் ஆட்களை எப்போது வேலைக்கு வைக்கும்? தடை உத்தரவு எழுதிய அமைச்சகங்கள் இதை ஒரு நிபந்தனையாக வைத்திருக்கலாம். மைக் மூடி ஆடும் பெண்ணுக்கு, காலடி கேட்கும், வழி தெரியும், குறியும் தவறாது. “பின்னாடி வாராம் பாரு” என்று சொல்ல மட்டும் முடியாது; அவர் பார்த்ததைச் சொல்லாததால் அவருடைய அணியும் தோற்கிறது.